நாய்க்குட்டி எதைக் கடிக்கலாம்?

நாய்க்குட்டி வளர்க்கும் வீட்டில் ஒரு ஜோடிச் செருப்பு உருப்படியாக இருந்தால் அது அதிசயம்தான். இன்று செருப்பு, நாளை நாற்காலிக் கால், மறுநாள் துடைப்பம். காலையில் வந்த பத்திரிகையை வீட்டு எஜமானர் படிப்பதற்கு முன்பே குட்டி 'படித்து' முடித்திருக்கும். கொடியில் தொங்கும் புடவைத் தலைப்பும் அதன் வாய்க்குத் தப்புவதில்லை.

இதைக் கண்டதும் வீட்டில் இரண்டு கட்சிகள் கிளம்பும். "இது விஷமம், நாலு போட்டால் அடங்கிவிடும்" என்று தடியைத் தேடுவது ஒரு கட்சி. "பாவம், பல் முளைக்கிறது, ஓர் எலும்பைப் போடு, கடித்துக்கொண்டு கிடக்கட்டும்" என்று இரக்கம் காட்டுவது மற்றொரு கட்சி. முதல் கட்சி நினைப்பதும் தவறு, செய்வதும் தவறு. இரண்டாவது கட்சி நினைப்பது சரி. ஆனால் செய்வது தவறு!

குட்டி கடித்தே தீரும். அதை யாராலும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. எதைக் கடிக்கக் கொடுப்பது என்பது மட்டும்தான் வளர்ப்பவர் கையில் இருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் தவறினால் உடைந்த பல், குடலில் சிக்கிய துண்டு, ஆபரேஷன் என்று காரியம் எங்கேயோ போய் நிற்கும். சில சமயம் குட்டியின் உயிருக்கே அபாயம் வந்துவிடும்.

ஏழு மாதத்தில் இரண்டு செட்

மனிதக் குழந்தைக்குப் பால் பற்கள் 20. முதல் பல் சுமார் 6-வது மாதத்தில் எட்டிப் பார்க்கிறது. 6 வயது வாக்கில் அவை விழத் தொடங்கி, 12 வயது வரை ஒவ்வொன்றாக மாறுகின்றன. ஞானப் பல்லும் சேர்ந்து 32 ஆவதற்கு 20 வயதுகூட ஆகிவிடும். இத்தனை வருஷ வேலையை நாய்க்குட்டி ஏழே மாதத்தில் முடித்துவிடுகிறது!

பிறக்கும்போது குட்டியின் வாயில் பல்லே கிடையாது. 3-வது வாரத்தில் பால் பற்கள் தலைகாட்டுகின்றன. இரண்டு, மூன்று மாதத்துக்குள் வாயில் 28 பால் பற்கள் நிறைந்துவிடும். முன்னால் 12 வெட்டுப் பற்கள்; அவற்றை அடுத்து 4 கோரைப் பற்கள்; பின்னால் 12 முன்கடைவாய்ப் பற்கள். இவை சிறியவை, ஆனால் ஊசியைப் போலக் கூரானவை. குட்டியிடம் விரலைக் கொடுத்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது மாதம் முடிந்ததும் அடுத்த கட்டம். நிரந்தரப் பற்கள் கீழேயிருந்து மேலே தள்ளிக்கொண்டு வரத் தொடங்கும். பால் பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, பல் ஆடி விழும். முதலில் வெட்டுப் பற்கள் மாறும். பிறகு கோரைப் பற்கள். கடைசியில் பால் பருவத்தில் இல்லாத கடைவாய்ப் பற்கள் புதிதாக முளைக்கும். 7-வது மாதம் முடியும்போது வாயில் 42 பற்கள் இருக்க வேண்டும்: வெட்டுப் பற்கள் 12, கோரைப் பற்கள் 4, முன்கடைவாய்ப் பற்கள் 16, கடைவாய்ப் பற்கள் 10.

இந்த நாலைந்து மாதமும் குட்டிக்குச் சோதனைக் காலம். ஈறு சிவந்து தடித்திருக்கும். எச்சில் அதிகமாக வடியும். சில நாள் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பொம்மையில் லேசாக ரத்தக் கறை தெரியும். விழுந்த பல்லைக் குட்டி விழுங்கிவிடுவதும் உண்டு. இவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம், எல்லாம் இயற்கைதான்.

ஆனால் வலிக்கிறதே என்று இரங்கி, வீட்டில் இருக்கும் தலைவலி மாத்திரையைப் பொடி செய்து கொடுத்துவிடக் கூடாது. மனிதருக்கு நிவாரணம் தரும் பாராசிட்டமாலும் இபுபுரூஃபெனும் நாய்க்கு விஷமாக மாறக்கூடியவை.

மூன்று காரணங்கள்

குட்டி கடிப்பதற்கு முதல் காரணம் ஈறின் குறுகுறுப்பு. எதையாவது பல்லிடுக்கில் வைத்து அழுத்தினால் அதற்குச் சுகமாக இருக்கிறது. பல் முளைக்கும் குழந்தை தன் கையையே கடித்துக்கொள்கிறது அல்லவா? அதே கதைதான்.

இரண்டாவது காரணம், குட்டிக்குக் கை இல்லை. குழந்தை எதையும் கையால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. நாய்க்குட்டிக்கு வாய்தான் கை. இது என்ன, மெத்தென்று இருக்கிறதா, ருசியாக இருக்கிறதா என்று வாயால் கடித்துத்தான் அது உலகத்தைப் படிக்கிறது.

மூன்றாவது காரணம் விளையாட்டு. கூடப் பிறந்த குட்டிகளோடு கடித்துப் புரண்டு விளையாடும்போது, ஒன்று பலமாகக் கடித்துவிட்டால் மற்றது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். 'இவ்வளவு பலமாகக் கடிக்கக் கூடாது' என்ற முதல் பாடம் அங்கேதான் நடக்கிறது. 8 வாரம் நிறைவதற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்று மிருக வைத்தியர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எலும்பு நல்லதா?

'நாய்க்கு எலும்பு, பசுவுக்குப் புல்' என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். எவ்வளவு கடினமான எலும்பைக் கடிக்கிறதோ அவ்வளவுக்குப் பல் பலப்படும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. இது தவறு.

நாயின் பல் பார்ப்பதற்குத்தான் முரட்டுத்தனமாக இருக்கிறது. அதை மூடியிருக்கும் எனாமல் என்ற மேற்பூச்சு, மனிதப் பல்லின் எனாமலைவிட மிகவும் மெல்லியது. பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருப்பதில்லை. மேல் தாடையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய பல் இருக்கிறது. அது நாலாவது முன்கடைவாய்ப் பல். கத்தரிக்கோல் மாதிரி கீழ்ப் பல்லோடு சேர்ந்து மாமிசத்தை அறுப்பது அதன் வேலை. கெட்டியான பொருள்களை நாய் இந்தப் பல்லுக்குத்தான் கொண்டுபோகும். கடிபடும் பொருள் பல்லைவிடக் கெட்டியாக இருந்தால், பல்லின் வெளிப்பக்கம் ஓடு பெயர்வதுபோல ஒரு சில்லாகப் பெயர்ந்து விழுந்துவிடும். உள்ளே ரத்தமும் நரம்பும் ஓடும் பகுதி திறந்துகொள்ளும். கிருமி புகுந்து வேரில் சீழ் வைக்கும். நாயின் கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கினால், 'ஏதோ பூச்சி கடித்திருக்கும்' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது உடைந்த பல்லின் வேலையாக இருக்கலாம். அதன் பிறகு வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டும். இல்லையென்றால் பல்லைப் பிடுங்க வேண்டும்.

'பால் பல்தானே, உடைந்தால் என்ன?' என்று கேட்கலாம். பால் பல்லுக்கு அடியிலேதான் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. உடைந்த பால் பல் வழியாக இறங்கும் கிருமி, அடியில் இருக்கும் அந்தப் பல்லையும் கெடுத்துவிடும்.

வேகவைத்த எலும்பு இன்னும் மோசம். வெந்த எலும்பு கூரான சிம்புகளாக உடையும். அவை தொண்டையில் குத்தும், குடலைக் கிழிக்கும். ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பில் மிஞ்சிய எலும்பை அன்போடு குட்டிக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடையில் பதப்படுத்தி உறையில் போட்டு விற்கும் எலும்புகளும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்க அரசாங்கத்தின் உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் இதுபற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தது. 2010 நவம்பர் முதல் 2017 செப்டம்பர் வரை வந்த புகார்களின்படி, இத்தகைய எலும்புத் தின்பண்டங்களால் சுமார் 90 நாய்கள் நோயுற்றன. சுமார் 15 நாய்கள் இறந்துவிட்டன. தொண்டை அடைப்பு, குடல் அடைப்பு, வாயில் காயம், வாந்தி, ஆசனவாயில் ரத்தம் ஆகியவை அந்தப் புகார்களில் அடிக்கடி வந்தவை.

எலும்பைப் போலவே மாட்டுக் கொம்பு, குளம்பு, மான் கொம்பு ஆகியவையும் பல்லை உடைக்கும். நம் நாட்டு மான்களின் கொம்பை வாங்குவதும் விற்பதும் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். இமயமலைப் பக்கத்தில் பாலைத் திரித்து, கல்லைப் போல உலர்த்திய சுர்ப்பி என்ற பாலாடைக் கட்டி இப்போது நம் ஊர்க் கடைகளிலும் நாய்த் தின்பண்டமாக விற்பனையாகிறது. அதுவும் முளைக்கும் பல்லுக்கு ஏற்றதல்ல.

நாலு சோதனைகள்

அப்படியானால் எதைத்தான் கொடுப்பது? அதற்கு மிருக வைத்தியர்கள் சில எளிய சோதனைகளைச் சொல்கிறார்கள். கருவி எதுவும் வேண்டாம். கையும் கண்ணும் போதும்.

முதலாவது, நகச் சோதனை. வாங்கப்போகும் பொருளைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். நகம் கொஞ்சமாவது பதிந்தால் நல்லது. பதியவே இல்லையென்றால் அது குட்டியின் பல்லுக்குக் கெட்டி.

இரண்டாவது, முழங்கால் சோதனை. 'இதை எடுத்து என் முழங்கால் சில்லில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிக்கொள்வேனா?' என்று வாங்குகிறவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். 'ஐயோ' என்று மனம் பதறினால், அந்தச் சாமானைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

மூன்றாவது, அளவுச் சோதனை. பொம்மை எதுவும் குட்டியின் வாய்க்குள் முழுவதும் போகும்படி இருக்கக் கூடாது. குட்டி வாரத்துக்கு வாரம் வளர்கிறது. போன மாதம் வாய்க்குப் பெரிதாக இருந்த பந்து இந்த மாதம் தொண்டையை அடைக்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற நாய்கள் வேகமாக வளர்பவை. ஆகவே அவற்றை வளர்ப்பவர்கள் பொம்மையின் அளவை அடிக்கடி சரிபார்க்க வேண்டும்.

நாலாவது, பிய்த்துப் பார்க்கும் சோதனை. பொம்மைக்குக் கண்ணாக வைத்த பொத்தான், வால், நூல், உள்ளே 'கீச் கீச்' என்று சத்தம் போடும் சிறு குழல் ஆகியவற்றைக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். கைக்கு வருவது குட்டியின் பல்லுக்கு நிச்சயம் வரும். பல்லுக்கு வருவது வயிற்றுக்குப் போகும்!

ஃபிரிட்ஸ் கண்ட ரப்பர்

இந்த நாலு சோதனைகளிலும் தேறக்கூடிய பொருள் எப்படி இருக்கும் என்பதற்கு, ஒரு நாயே வழிகாட்டிய கதை ஒன்று உண்டு.

அமெரிக்காவில் கொலராடோ ராஜ்யத்தில் ஜோ மார்க்கம் என்பவர் ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாயை வளர்த்துவந்தார். அதற்கு ஒரு கெட்ட பழக்கம். கிடைத்த கல்லையெல்லாம் கடிக்கும். அதனால் பற்கள் தேய்ந்துகொண்டே வந்தன. எத்தனையோ பொருள்களைக் கொடுத்துப் பார்த்தும் கல்லை விடவில்லை. 1970-களில் ஒருநாள் மார்க்கம் தம்முடைய ஃபோக்ஸ்வாகன் வண்டியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கல்லைக் கடித்துக்கொண்டிருந்த நாயின் கவனத்தைத் திருப்ப, கழற்றிய சாமான்களை ஒவ்வொன்றாக அதன் பக்கம் எறிந்தார். ஒன்றையும் அது சட்டை செய்யவில்லை. கடைசியில் வண்டியின் அதிர்ச்சியைத் தாங்க வைத்திருந்த ஒரு ரப்பர்த் துண்டு போய் விழுந்தது. ஃபிரிட்ஸ் அதைக் கவ்விக்கொண்டது, விடவே இல்லை!

அந்த ரப்பரின் மாதிரியில், உள்ளே பொள்ளலாக ஒரு பொம்மையைச் செய்து 1976-ல் மார்க்கம் வியாபாரம் தொடங்கினார். 'காங்' என்ற பெயரில் அது இன்று பல தேசங்களில் விற்பனையாகிறது. குட்டிகளுக்கென்று மிருதுவான ரப்பரிலும், பெரிய நாய்களுக்குக் கெட்டியான ரப்பரிலும் தனித்தனியே செய்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது கம்பெனியின் பெயரை அல்ல, ரப்பரின் குணத்தை. நல்ல ரப்பர் அழுத்தினால் வளையும். விட்டால் பழைய நிலைக்கு வரும். பல்லுக்கு வேலை கொடுக்கும்; பல்லோடு சண்டை போடாது. கல் எதிர்த்து நிற்கிறது. ரப்பர் இடம் கொடுக்கிறது. குட்டிக்கு வேண்டியது இடம் கொடுக்கும் பொருள்தான். அந்தக் குணமுள்ள ரப்பர் பொம்மை எந்தக் கம்பெனி செய்ததாக இருந்தாலும் சரிதான்.

ஒரு எச்சரிக்கை. பொள்ளலான பந்துகளில் ஒரே ஒரு துளை மட்டும் இருந்தால், குட்டி நாக்கை உள்ளே விட்டு உறிஞ்சும்போது காற்று வெளியேறி, நாக்கு உள்ளே மாட்டிக்கொள்ளக்கூடும். இரண்டு பக்கமும் துளை உள்ளதாகப் பார்த்து வாங்குவதே நல்லது.

கடையில் வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை

மாட்டுத் தோலை முறுக்கி, எலும்பு வடிவில் முடிச்சுப் போட்டு விற்கிறார்கள் அல்லவா? பல வீடுகளில் முதலில் வாங்குவது அதைத்தான். எச்சிலில் ஊறினால் தோல் வழவழவென்று உப்பிவிடும். குட்டி ஒரு பெரிய துண்டைப் பிய்த்து விழுங்கினால் தொண்டையில் சிக்கும். இல்லையென்றால் குடலை அடைக்கும். தயாரிப்பில் சேரும் ரசாயனங்கள் வேறு. 2017 ஜூனில், தோல் தின்பண்டங்களைப் பதப்படுத்தும்போது, சாமான்களைக் கழுவப் பயன்படும் கிருமிநாசினி கலந்துவிட்டது என்பதற்காக அமெரிக்காவில் ஒரு கம்பெனி தன் சரக்குகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது.

டென்னிஸ் பந்து எறிந்து விளையாட ஏற்றது, மென்றுகொண்டிருக்க ஏற்றதல்ல. அதன் மேலுள்ள ரோமத்தில் மண்ணும் மணலும் ஒட்டிக்கொண்டு, உப்புத்தாளைப் போலப் பல்லைத் தேய்க்கும். பந்து இரண்டாகப் பிளந்தால் தொண்டைக்கும் ஆபத்து.

நூல் கயிற்றைத் திரித்துச் செய்த பொம்மையை வளர்ப்பவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு விளையாடலாம். தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. பிரிந்த நூலைக் குட்டி விழுங்கினால், நூலின் ஒரு நுனி எங்காவது சிக்கிக்கொள்ளும். அதன்மேல் குடல், நாடா கோத்த பாவாடை இடுப்பைப் போலச் சுருங்கிக்கொள்ளும். இதற்கு ஆபரேஷன் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை.

குழந்தைகளுக்கென்று விற்கும், உள்ளே திரவம் உள்ள கடிவளையமும் வேண்டாம். குழந்தைக்குப் பல் வருமுன் கடிக்கச் செய்தது அது. நாய்க்குட்டியின் ஊசிப் பல்லுக்கு ஒரு நிமிஷம் தாங்காது.

வீட்டிலேயே இருக்கிறது மருந்து

காசு செலவில்லாத நல்ல கடிபொருள் வீட்டிலேயே இருக்கிறது. சுத்தமான பழைய பூத்துவாலை ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, முறுக்கிப் பிழிந்து, ஐஸ் பெட்டியில் குளிர வைத்துக் கொடுத்தால், குட்டிக்கு ஈறு எரிச்சல் நன்றாக அடங்கும். துவாலை நூல் நூலாகப் பிரியத் தொடங்கினால் வாங்கிவிட வேண்டும். ரப்பர் பொம்மைக்குள் தயிர் சாதமோ, உப்பு, காரம், வெங்காயம் சேராத குழைந்த காய்கறியோ அடைத்துக் குளிர வைத்துக் கொடுத்தால், குட்டி அரை மணி நேரம் வேறு எதையும் திரும்பிப் பாராது. குளிர்ந்த முழு காரட் ஒன்றைக் கூடவே இருந்து கடிக்க வைக்கலாம். துண்டு சிறுத்ததும் எடுத்துவிட வேண்டும்.

குளிர்ச்சி நல்லது என்பதற்காக ஐஸ் கட்டியையே போடக் கூடாது. ஐஸ் கட்டி நகச் சோதனையில் தேறாது!

நம் வீடுகளில் சாதாரணமாகக் கிடக்கும் சில பொருள்களில் அபாயம் ஒளிந்திருக்கிறது. சப்பிப் போட்ட மாங்கொட்டையும், முத்து தின்ற பிறகு எறியும் மக்காச்சோளக் கட்டையும் குட்டியின் குடலை அடைப்பதில் பேர் போனவை. கொட்டாங்கச்சி பல்லை உடைக்கும், சில்லாகவும் பெயரும். தோட்டத்துக் குச்சி வாயில் குத்தும். அது அரளிக் குச்சியாக இருந்துவிட்டால் விஷம். உயிருக்கே உலை வைக்கும். திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு ஆகாதவை. சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் என்ற இனிப்பைச் சேர்த்த மிட்டாய், சூயிங்கம், நிலக்கடலை வெண்ணெய் ஆகியவை நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக மின்சார ஒயர். செல்போன் சார்ஜர், மேஜை விசிறி, டெலிவிஷன் ஆகியவற்றின் ஒயர்கள் குட்டியின் வாய் மட்டத்திலேதான் தொங்குகின்றன. ஒரே கடியில் உயிர் போய்விடும். குட்டி வந்த வீட்டில் முதல் வேலை, ஒயர்களை உயரத்தில் கட்டுவதுதான்.

அடி உதவாது

'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்ற பழமொழி நாய்க்குட்டியிடம் செல்லாது. அடிபட்ட குட்டி கடிப்பதை நிறுத்துவதில்லை. எஜமானர் இல்லாத நேரம் பார்த்துக் கடிக்கக் கற்றுக்கொள்கிறது. வாயில் இருப்பதைப் பிடுங்க வந்தால், பயத்தில் அவசரமாக விழுங்கிவிடவும் பார்க்கும். பின்னாளில் தன் பக்கம் நீளும் கையைக் கண்டாலே உறுமும்.

இதைவிடச் சுலபமான வழி பண்டமாற்று. குட்டி செருப்பைக் கவ்வியிருந்தால், அதன் ரப்பர் பொம்மையை மூக்கின் முன்னால் நீட்ட வேண்டும். செருப்பை விட்டதும் பொம்மையைக் கொடுத்து ஒரு தட்டுத் தட்டிப் பாராட்ட வேண்டும். பத்து நாள் பொறுமையாகச் செய்தால், எது தன்னுடையது, எது பிறருடையது என்பது அதற்கு விளங்கிவிடும். பழைய செருப்பைக் கடிக்கக் கொடுப்பது இந்தப் பாடத்தையே கெடுத்துவிடும். பழைய செருப்புக்கும் புதுச் செருப்புக்கும் உள்ள வித்தியாசம் மனிதருக்குத்தான் தெரியும். நாய்க்கு இரண்டிலும் ஒரே வாசனைதான்!

பொம்மைகளை மொத்தமாகப் பரப்பி வைக்காமல், இரண்டு மூன்றாக மாற்றி மாற்றிக் கொடுத்தால் குட்டிக்குச் சலிப்புத் தட்டாது. தின்னக்கூடிய எதையும் பக்கத்தில் ஆள் இல்லாதபோது கொடுக்கக் கூடாது.

குட்டி விளையாட்டாகக் குழந்தையின் கையைக் கடித்து, பல் பட்டு ரத்தம் கசிந்தால், 'சின்னக் குட்டிதானே' என்று அலட்சியமாக விடக் கூடாது. வெறிநாய்க்கடி நோய் குட்டிகளுக்கும் வரும். அந்த நோய் முற்றி அறிகுறி காட்டிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. குட்டிக்கு அதற்கான தடுப்பு ஊசி போடும் வயது வழக்கமாக 3 மாதம். கடிக்கும் பருவமும் அப்போதுதான் உச்சத்துக்கு வருகிறது. பல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். மஞ்சள் தூளும் சுண்ணாம்பும் அதற்கு மருந்தல்ல.

வாயைத் திறந்து பார்க்க வேண்டும்

வாரம் ஒருமுறை குட்டியின் உதட்டை மெதுவாகத் தூக்கிப் பற்களைப் பார்த்துப் பழக்குவது நல்லது. ஓர் இடத்தில் ஒரு பல்தான் இருக்க வேண்டும். பால் பல் விழாமல், அதன் பக்கத்திலேயே புதுப் பல் முளைத்து இரட்டையாக நின்றால், இடுக்கில் உணவு தங்கி ஈறு கெடும். பல் வரிசையும் கோணலாகும். பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர் போன்ற சிறு ஜாதி நாய்களிடம் இது அதிகம். மயக்க மருந்து கொடுத்து மிருக வைத்தியர் அந்தப் பால் பல்லை எடுத்துவிடுவார். வீட்டில் இடுக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. வேர் உடைந்து உள்ளே தங்கிவிடும்.

புதிய பற்கள் குழி குழியாக, பழுப்பு நிறத்தில் முளைத்தால், குட்டிப் பருவத்தில் வந்த டிஸ்டெம்பர் நோயின் அடையாளமாக அது இருக்கக்கூடும். பல் வெளியே வருமுன், எனாமல் உருவாகும் காலத்திலேயே நோய் அதைக் கெடுத்துவிடுகிறது. 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் தடுப்பு ஊசிகளைத் தவறாமல் போட்டால், உயிரோடு பல்லும் பிழைக்கும்.

பல் துலக்கும் பழக்கத்தையும் இப்போதே தொடங்கலாம். விரலில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு பல்லின் வெளிப்பக்கத்தை லேசாகத் தடவினால் போதும். பற்கள் மாறும் வாரங்களில் ஈறு வலிக்கும். அப்போது பலவந்தம் வேண்டாம். மனிதர் உபயோகிக்கும் பற்பசை கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது! நாய்களுக்கென்றே பற்பசை விற்கிறது. நாய்க்குச் சொத்தைப் பல் அபூர்வம். காரை படிந்து ஈறு அழுகும் நோய்தான் அதிகம். மூன்று வயதைத் தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றிடம் அதன் அறிகுறி காணப்படுகிறது. காரையைக் குறைப்பதாகச் சோதனையில் நிரூபித்த பொருள்களுக்கு, அமெரிக்காவில் 1997 முதல் இயங்கும் கால்நடை வாய் நலக் குழு ஒரு முத்திரை வழங்குகிறது. அந்த முத்திரை உள்ள பண்டங்களிலும் பல, 6 மாதம் நிறைந்த நாய்களுக்கே உரியவை. உறையில் வயதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

குட்டி திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், சாப்பிட மறுத்து வயிற்றைத் தொட்டால் முனகினாலும், மலம் வராமல் முக்கினாலும், வாயை முன்காலால் பிராண்டிக்கொண்டே இருந்தாலும், 'நாளை பார்ப்போம்' என்று இருக்கக் கூடாது. எதையோ விழுங்கியிருக்கலாம், ஏதோ சிக்கியிருக்கலாம். சென்னையில் உள்ளவர்களுக்கு, 1903-ல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசாங்கக் கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. போகும்போது குட்டி கடித்த பொருளின் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு போனால் வைத்தியருக்கு வேலை சுலபமாகும்.

செருப்பைக் கடித்தது, சோபாவைக் கிழித்தது என்ற குற்றத்துக்காக ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் வீதிக்கு வரும் குட்டிகள் உண்டு. இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் பல் முளைத்து முடிந்திருக்கும். ஈறு வலியும் தீர்ந்திருக்கும். அதன் பிறகும் நாய் கடிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த ஆவேசம் இராது. தன் பொம்மை எது என்பதும் தெரிந்திருக்கும்.

மனிதனுக்குப் பல் போனால் பொய்ப்பல் கட்டிக்கொள்ளலாம். நாய்க்கு அந்த வசதி இல்லை. ஏழாவது மாதத்தில் முளைத்து முடியும் 42 பற்களைக் கொண்டுதான் அது பத்துப் பன்னிரண்டு வருஷம் சாப்பிட வேண்டும். வீட்டையும் காக்க வேண்டும். மூன்றாவது செட் என்று ஒன்று கிடையாது. ஆகவே அடுத்த தடவை கடைக்குப் போகும்போது, பொம்மையின் விலையைப் பார்க்குமுன் கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது புத்திசாலித்தனம்.